‘குளிர் ஊரு... அப்படித்தான் இருக்கும்!’ - மலைக்குளிரில் ஒளிந்துகொள்ளும் தைராய்டு குறைவு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் குடியிருப்பவரா நீங்கள்? அப்படியானால் இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் ஒரு தடவையாவது நடந்திருக்கும்.

“என்னவோ தெரியலை அத்தை, ரொம்பக் குளிருது. ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் அடங்க மாட்டேங்குது.”

“மலை மேல இருந்துக்கிட்டுக் குளிருதுன்னா எப்படிம்மா? குளிர் ஊரு... அப்படித்தான் இருக்கும்!”

“தோலெல்லாம் வறண்டு வெள்ளை வெள்ளையா உரியுது.”

“பனிக்காத்து. ராத்திரி தேங்கா எண்ணெய் தடவிட்டுப் படு.”

“காலையில எழுந்திருக்கவே முடியலை அத்தை. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.”

“இந்தக் குளிருக்கு யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்?”

மாமியார் சொன்ன பதிலில் தப்பே இல்லை. மூன்றுக்கும் குளிர் காரணமாக இருக்கலாம். அதுதான் சங்கடமே! ஏனென்றால் மருமகள் சொன்ன மூன்றும், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டதற்கான அறிகுறிகளும்கூட.

சென்னையில் மே மாதத்தில் ஒருத்தி கம்பளி கேட்டால் வீடே திரும்பிப் பார்க்கும். ஊட்டியில் கேட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இப்படியே இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஓடிவிடும். அதற்குள் முகம் ஊதி, குரல் மாறி, ‘சோம்பேறி’ என்ற பட்டமும் வாங்கியாகிவிடும். தேயிலைத் தோட்டத்தில் இலை எடுக்கிற பெண்ணாக இருந்தால், எடை போடும் இடத்தில் மற்றவர்களைவிடக் குறைகிறதே என்று பேச்சும் கேட்க வேண்டும். இத்தனைக்கும் அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை!

மலையில் இருப்பதால்தான் இது வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கடற்கரை ஊர்களிலும் இருக்கிறது. சென்னை உள்பட இந்தியாவின் எட்டு பெரிய நகரங்களில் நடத்தி, 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பரிசோதிக்கும் வரை தனக்கு அது இருப்பதே தெரியாது! பெரிய ஆஸ்பத்திரிகள் நிறைந்த நகரங்களிலேயே இந்தக் கதி என்றால், எதற்கெடுத்தாலும் குளிர் மேல் பழி போட வசதியான நம் மலை ஊர்களில் எவ்வளவு சுலபமாகத் தப்பிவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

கழுத்துக்குள் ஒரு டீ ஃபேக்டரி

தைராய்டு என்பது நோயின் பெயர் அல்ல. ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று சிலர் பயந்துகொண்டு சொல்வார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது! முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்ன சுரப்பி அது. எடை இருபது கிராம் அளவுதான்.

அதை ஒரு டீ ஃபேக்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேக்டரிக்குப் பச்சை இலை வர வேண்டும் அல்லவா? இங்கே பச்சை இலை, நாம் சாப்பாட்டில் சேர்க்கும் அயோடின். அதைக் கொண்டு தைராய்டு தயாரிக்கும் தூள்தான் ‘தைராக்ஸின்’ என்ற ஹார்மோன். இதில் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் டாக்டர்கள் சுருக்கமாக ‘டி-4’ என்பார்கள்.

தூளை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறோமா? வீட்டுக்கு வீடு டீ போட்டுத்தானே குடிக்கிறோம்! அதே மாதிரி கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் டி-4-லிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றிவிட்டு ‘டி-3’ ஆக மாற்றுகின்றன. உடம்பில் வேலை பார்ப்பது பெரும்பாலும் இந்த டி-3 தான். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர வேண்டும், உடம்பு எவ்வளவு சூடு உண்டாக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் வேகத்தை நிர்ணயிப்பது இதுவே.

இந்த ஃபேக்டரிக்கு ஒரு ஹெட் ஆபீஸ் உண்டு. மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால், ‘உற்பத்தியைக் கூட்டு’ என்று தைராய்டுக்கு அது ஒரு கடிதம் போடும். அந்தக் கடிதத்தின் பெயர்தான் டி.எஸ்.எச். சரக்கு வராவிட்டால் இன்னொரு கடிதம், அதற்கும் வராவிட்டால் இன்னொன்று...

அதனால்தான் தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். கூடுகிறது. ‘குறைவு என்கிறீர்கள், ரிப்போர்ட்டில் கூடுதல் என்று போட்டிருக்கிறதே’ என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். கூடியிருப்பது கடிதம். குறைந்திருப்பது சரக்கு!

குளிரா, தைராய்டா?

குளிர் ஒருவரை மட்டும் தனியாகப் பிடிப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே அறையில் நான்கு பேர் ஒரு ஸ்வெட்டரோடு இருக்க, ஒருவர் மட்டும் மங்கி கேப், சாக்ஸ், கம்பளி சகிதமாக நடுங்கினால் கொஞ்சம் யோசியுங்கள். போன வருஷக் குளிரைச் சமாளித்தவர் இந்த வருஷம் முடியாமல் தவித்தாலும் யோசியுங்கள்.

இன்னொரு வழி, மலை இறங்கிப் பார்ப்பது. கல்யாணம், கார்த்திகை என்று மேட்டுப்பாளையத்துக்கோ கோயமுத்தூருக்கோ போவீர்கள் இல்லையா? பர்லியாறு தாண்டியதும் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். அங்கேயும் ஒருவருக்கு மட்டும் கழற்ற மனசு வரவில்லை, வெயிலிலும் வியர்க்கவில்லை, ஃபேனை நிறுத்தச் சொல்கிறார் என்றால், அது ஊர்க்குளிர் அல்ல, உடம்புக்குள் இருக்கும் குளிர். இது பரிசோதனைக்குப் பதில் ஆகாது. பரிசோதனைக்குப் போகச் சொல்லும் மணியோசை, அவ்வளவுதான்.

குளிரோடு, கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை குளிர் மேல் பழி போட முடியாதவை.

* வழக்கம்போலத்தான் சாப்பிடுகிறார், ஆனால் எடை மெல்ல ஏறுகிறது.
* நாள்பட்ட மலச்சிக்கல்.
* குரல் கரகரத்துத் தடித்துப் போவது. போனில் பேசினால் ‘யார் பேசறது?’ என்று கேட்கிறார்கள்.
* காலையில் முகமும் கண் இமைகளும் உப்பியிருப்பது.
* தலைமுடி கொட்டுவது. புருவத்தின் வெளிப்பக்க ஓரம் உதிர்வது.
* மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு அல்லது தேதி தவறுவது. குழந்தை தரிக்கத் தாமதம். அடிக்கடி கரு கலைவது.
* நாடித் துடிப்பு மெதுவாக இருப்பது.
* மறதி, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத சோகம்.
* ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியிருப்பது.

கண்ணாடி முன் நின்று ஒரு சின்ன சோதனையும் செய்யலாம். முகவாயைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். கழுத்தின் கீழ்ப்பகுதியில் வீக்கம் எதுவும் மேலேறி இறங்குவது தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் இல்லை என்பதற்காகத் தைராய்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கழுத்து சாதாரணமாகவே தெரியும், உள்ளே சுரப்பி ஓய்ந்து போயிருக்கும்.

ஏன் வருகிறது?

இன்று நாம் அதிகம் பார்க்கும் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தத் தைராய்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குவது. இதை 1912-ல் விவரித்தவர் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர். அவர் பெயரிலேயே அந்த நோயும் அழைக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வரும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் சிலருக்குத் தலைகாட்டும். தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், சில இதய, மனநல மருந்துகளை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம்.

பழைய காரணம் ஒன்று உண்டு. அதுதான் அயோடின் பற்றாக்குறை. மலைச்சரிவுகளில் பெய்யும் மழை மேல்மண்ணோடு அயோடினையும் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் விளைவதிலும் அயோடின் குறைவாகவே இருக்கும். பச்சை இலை வராத ஃபேக்டரி என்ன செய்யும்? கட்டடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

இந்தக் கழலையின் கதையில் நம் குன்னூருக்கும் ஓர் இடம் உண்டு. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர், இமயமலைப் பக்கம் கில்கிட்டில் வேலை பார்த்தபோது ஊர் ஊராகக் கழலையைக் கண்டார். தண்ணீரில் இருக்கும் அசுத்தம்தான் காரணம் என்று நினைத்தார். அந்தத் தண்ணீரை வடிகட்டி எடுத்த கசடைத் தாமே குடித்துப் பார்த்தார் என்றால் அவருடைய துணிச்சலைப் பாருங்கள்! அவர்தான் 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில், ஒரே ஓர் அறையில் சத்துக் குறைவு நோய்கள் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே பெரிய ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய உணவூட்ட நிறுவனத்தின் பிறந்த வீடு நம் குன்னூர்தான்!

அயோடின் உப்பின் பலன் நம் நாட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது இன்னொரு மலைப்பகுதியில். 1956-ல் டாக்டர் ராமலிங்கசுவாமியின் குழுவினர் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு என்று கொடுத்துப் பார்த்ததில், அயோடின் உப்பு சாப்பிட்ட இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. இதை அடுத்து 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. சாப்பாட்டுக்கு நேரடியாக விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது 2006 முதல் நாடு முழுவதும் கட்டாயம். கடையில் விற்கும்போது ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? நம் ஊர் மழைக்காலத்தில் உப்பு கசிந்து தண்ணீராகும். அதற்காக உப்பு டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே திறந்து வைக்காதீர்கள். கல் உப்பைக் கழுவி வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரமும் சூடும் அயோடினைக் குறைத்துவிடும். இறுக்கமான மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். முடிந்தவரை சமையல் முடியும் தறுவாயில் உப்பைச் சேருங்கள். கல் உப்போ தூள் உப்போ, பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அயோடின் உப்பு, பற்றாக்குறை வராமல் தடுக்கும். எதிர்ப்பு சக்தியால் கெட்டுப்போன தைராய்டை அது சரி செய்யாது. உப்பைக் கூட்டிப் போட்டால் ரத்த அழுத்தம்தான் ஏறும்! அயோடின் மாத்திரை, சொட்டு மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. அளவுக்கு மீறிய அயோடினும் தைராய்டைக் கெடுக்கும்.

ஒரு பரிசோதனை, ஒரு மாத்திரை

கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அது சுமார் 0.4-லிருந்து 4 அல்லது 5 வரை இருக்கலாம். பரிசோதனைச் சாலைக்குச் சாலை எல்லை கொஞ்சம் மாறும். கூடியிருந்தால் டி-4 அளவையும் பார்ப்பார்கள். முடி வளர ‘பயோட்டின்’ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது ரிப்போர்ட்டையே மாற்றிக் காட்டிவிடும். டி.எஸ்.எச். லேசாக மட்டும் கூடியிருந்தால் எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

தேவைப்பட்டால் கொடுப்பது தைராக்ஸின் மாத்திரை. உங்கள் சுரப்பி தயாரிக்க வேண்டிய அதே சரக்கை வெளியிலிருந்து வாங்கிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சாப்பிடும் முறைதான் முக்கியம்.

நீலகிரிக்காரர்களுக்குக் கண் விழித்ததும் டீ வேண்டும். மாத்திரையை அந்த டீயோடு விழுங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு! காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் சாப்பிடுங்கள். அதற்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீயோ காபியோ பலகாரமோ சாப்பிடலாம். ‘அந்த வெடவெடப்புல டீ இல்லாம எப்படி?’ என்கிறீர்களா? வெந்நீரை ஆறவைத்து, இளஞ்சூட்டில் மாத்திரையை விழுங்கிவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போடுங்கள். நேரம் போய்விடும்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையோ, எலும்புக்குக் கால்சியம் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடம்பில் சேராது. மாத்திரை பாட்டிலையும் ஈரம் படாமல், மூடி இறுக்கி வையுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். பார்த்து அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ செய்வார்கள். ‘ரிப்போர்ட் நார்மல்னு வந்திருச்சு, நிறுத்திட்டேன்’ என்று சொல்கிறவர்கள் நிறைய. நார்மலாக்கியதே மாத்திரைதானே! நிறுத்தினால் சில வாரங்களில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று இரண்டாக விழுங்கவும் கூடாது. படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, எலும்புத் தேய்மானம் எல்லாம் வரும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் மிகக் குறைந்த அளவில்தான் ஆரம்பிப்பார்கள்.

ரொம்ப சமத்துக் குழந்தையா?

இந்தப் பகுதியைக் கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆரம்ப மாதங்களில் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. அதன் மூளை வளர அம்மாவின் தைராக்ஸினைத்தான் நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்குக் குழந்தை நின்றதும், ‘இங்கிலீஷ் மருந்து குழந்தைக்கு ஆகாது’ என்று பெரியவர்கள் நிறுத்தச் சொல்வதுண்டு. நிறுத்தவே கூடாது! சொல்லப்போனால் அந்தச் சமயத்தில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளியது உறுதியானவுடனே டாக்டரைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் டி.எஸ்.எச். எல்லைகளும் வேறு.

பிறந்த குழந்தைகளிலும் ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுக்குத் தைராய்டு குறைவு இருக்கலாம். அழுவதில்லை, எந்நேரமும் தூங்குகிறது, பாலுக்காக எழுப்ப வேண்டியிருக்கிறது. ‘எங்க பாப்பா ரொம்ப சமத்து, ஒரு தொந்தரவும் இல்லை’ என்று பாட்டி பெருமைப்படுவார். கூடவே மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பது, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தடித்த நாக்கு, தொப்புள் பிதுக்கம், தொட்டால் சில்லென்ற உடம்பு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மலையில் பிறந்த குழந்தைக்கு உடம்பு சில்லென்றுதான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

பிறந்து இரண்டு நாள் கழித்து, குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பிரசவ ஆஸ்பத்திரியில் நீங்களே கேளுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் குழந்தை மற்றக் குழந்தைகள் மாதிரியே வளரும், படிக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் அறிவு வளர்ச்சியில் ஏற்படும் நஷ்டத்தைப் பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் ஈடுகட்ட முடியாது.

நீங்கள் கேட்கலாம்...

முட்டைக்கோஸ் சாப்பிடலாமா? ஊட்டியில் இருந்துகொண்டு கோஸ் இல்லாமலா! கோஸையே பிரதான தீனியாகத் தின்ற முயல்களுக்குக் கழலை வந்ததை அந்தக் காலத்திலேயே கண்டார்கள். குன்னூரில் மெக்காரிசனும் இதை ஆராய்ந்தார். ஆனால் நாம் முயல் அல்லவே! வேகவைத்துப் பொரியலாக, கூட்டாக வாரத்தில் சில நாள், அயோடின் உப்போடு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. பச்சைக் கோஸைக் கிலோ கணக்கில் அரைத்து ஜூஸ் குடிக்கும் பழக்கம் வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டால் உடம்பு இளைத்துவிடுமா? தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அது குறையும். மீதி எடைக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான் மருந்து. இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுவது ஆபத்து.

வீட்டில் வயதானவர் இருக்கிறார், என்ன கவனிக்க வேண்டும்? டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில், தைராய்டு குறைவு உள்ள முதியவர் மாத்திரையை விட்டுவிட்டால், அதோடு ஜுரமோ சளியோ சேர்ந்தால், அபூர்வமாக உயிருக்கே ஆபத்து வரலாம். உடம்பு ஜில்லிட்டு, பேச்சு குழறி, கூப்பிட்டால் சரியாக விழிக்காமல் கிடந்தால், ‘குளிருக்குத் தூங்குகிறார்’ என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போகாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மறுபடி அந்த மாமியார், மருமகளிடம் வருவோம். தேங்காய் எண்ணெயும் வேண்டியதுதான், ஸ்வெட்டரும் வேண்டியதுதான். ஆனால் அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது மாதக்கணக்கில் ‘குளிருது, முடியலை’ என்று சொன்னால், ‘குளிர் ஊரு, அப்படித்தான் இருக்கும்’ என்பதோடு நிறுத்தாமல், “எதுக்கும் ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்மா” என்று சேர்த்துச் சொல்லுங்கள். குளிர்தான் காரணம் என்று தெரிந்தால் நிம்மதி. தைராய்டு என்று தெரிந்தால், தினம் ஒரு சின்ன மாத்திரையில் அவருடைய பழைய சுறுசுறுப்பு திரும்பி வரும்!